விலகி நிற்பதும் குறுக்கே நிற்பதும்

(ஜிம்னாஸ்டிக்ஸ் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இங்கே அமர்ந்திருக்கும் பயிற்சியாளர்கள் இந்த விளையாட்டைப் பற்றி என்னைவிடப் பல மடங்கு நன்றாகப் பேசுவார்கள். கையை ஊன்றித் தலைகீழாக நிற்கிற ஹேண்ட்ஸ்டாண்டில் தோள் எங்கே இருக்க வேண்டும், இறங்கும்போது முழங்கால் எவ்வளவு மடங்க வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் வேலை. நான் பேச வந்தது கூடத்தின் கதவுக்கு வெளியே, தண்ணீர் பாட்டிலும் மாற்று உடையுமாக நிற்கிற நம்மைப் பற்றி. நம் வேலை என்ன? என் வரையில் அது இரண்டுதான். விலகி நிற்க வேண்டிய இடத்தில் விலகி நிற்பது. குறுக்கே நிற்க வேண்டிய இடத்தில் குறுக்கே நிற்பது. இந்த இரண்டு இடங்களையும் மாற்றிப் போட்டுக்கொள்கிற பெற்றோரை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் அழைத்தவுடன் வந்தேன்.

பார் என்கிற கிடைக்கம்பியில் செய்யும் ‘கிப்’ பயிற்சி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பாரைப் பிடித்துத் தொங்கி, உடலை முன்னால் நீள வீசி, வீச்சு முடிகிற கணத்தில் கால்விரல்களைப் பாருக்குக் கொண்டுவந்து, உடல் பின்னால் திரும்பும்போது பாரைக் காலோடு ஒட்டி இழுத்தபடி மேலே எழுந்துவிட வேண்டும். “பேண்ட்டை மேலே இழுத்துப் போடுவதுபோல் இழு” என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். சொன்னதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புரிந்துவிடும். ஆனால், புரிந்தது உடலுக்கு வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். கால் சரியாக மேலே வந்தால் முழங்கை மடங்கிவிடும். முழங்கை நேராக இருந்தால் கால் தாமதமாகும். இரண்டும் சரியாக இருக்கிற அன்று மணிக்கட்டு திரும்பாது.

என் மகளுக்கு அது வரவே இல்லை. அவளுக்குப் பின்னால் சேர்ந்த ஒரு சிறுமிக்கு வந்துவிட்டது. அன்று மாலை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. என் முதுகில் நெற்றியை அழுத்திக்கொண்டே வந்தாள். பாதி வழியில் என் ரவிக்கை நனைந்திருப்பது தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் “இனிமேல் நான் போக மாட்டேன் அம்மா” என்று சொல்லி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். காய்த்துப்போன தோல் கிழிந்து, அடியில் ரோஜா நிறத்தில் சதை தெரிந்தது.

அந்த நேரத்தில் நமக்குத் தோன்றுவதெல்லாம் பேச்சுதான். “விடாமுயற்சி வேண்டும்” என்று தொடங்கலாம். “அந்தப் பெண் உன்னைவிடச் சின்னவள், அவளே செய்கிறாள்” என்று ரோஷம் ஊட்டலாம். “இவ்வளவு கஷ்டப்பட்டு எதற்கு, விட்டுவிடு” என்று ஆறுதலும் சொல்லலாம். இந்த மூன்றுமே அந்தக் கைக்கு உதவாது. சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், எரியும், பரவாயில்லை. தொங்குகிற தோலைச் சுத்தமான சிறு கத்தரியால் ஓரமாக நறுக்க வேண்டும். இழுத்துப் பிய்க்கக் கூடாது. இரவில் வாஸ்லைன் தடவிப் பருத்தித் துணியால் சுற்றிப் படுக்க வைத்தால் காலையில் இறுக்கம் குறைந்திருக்கும். அதைத்தான் செய்தேன். “போவதா வேண்டாமா என்பதை நாளைக்குப் பேசலாம், முதலில் கையைக் கழுவு” என்றேன். தூங்கி எழுந்தவள் தானாகவே பையை எடுத்துக்கொண்டாள்.

பல மாதம் ஒரே இடத்தில் நிற்பதுபோல் நமக்குத் தெரிகிற காலத்தில்தான் தோள் வலுவாகிறது, பிடி உறுதிப்படுகிறது, வீச்சு நீள்கிறது. இவை எதுவும் கதவுக்கு வெளியே நிற்பவர் கண்ணில் படாது. பயிற்சியாளர் கண்ணில் படும். அதனால்தான் அவர் பதற்றப்படுவதில்லை, நாம் பதறுகிறோம்.

பதறுகிறவர் கைக்குச் செல்போன் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பிள்ளையின் பயிற்சியைப் படம் பிடித்து, இரவில் மெதுவாக ஓடவிட்டு, “பார், இங்கே உன் கால் விரிகிறது” என்று வகுப்பு எடுக்கிற அப்பாக்களை எனக்குத் தெரியும். பாசத்தில்தான் செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால், காற்றில் உடல் புரளும்போது ஒரு சொல்லை நினைத்துக்கொள்ளத்தான் நேரம் உண்டு. அது பயிற்சியாளர் கொடுத்த சொல்லாக இருக்க வேண்டும். நாம் இன்னொரு சொல்லைத் திணித்தால் பிள்ளை நடுவில் தடுமாறும், தடுமாறினால் விழும். அந்தப் படத்தை எடுக்க வேண்டாம். எடுத்தாலும் பிள்ளை கேட்டால் மட்டும் காட்டுங்கள்.

என் மகளுக்குக் கிப் வந்த நாளில் நான் கூடத்திலேயே இல்லை. அலுவலகத்தில் இருந்தேன். இரவு சாப்பிடும்போது, இட்லியைப் பிட்டுக்கொண்டே, “இன்றைக்கு வந்துவிட்டது” என்றாள். எது என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே தீபா கர்மாகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திரிபுராவின் அகர்தலாவைச் சேர்ந்தவர். அவருடைய தந்தை பளுதூக்கும் பயிற்சியாளர். விளையாட்டு என்றால் என்னவென்று நன்றாகவே தெரிந்தவர். ஆனாலும் ஜிம்னாஸ்டிக்ஸில் மகளைத் தானே உருவாக்கப் புறப்படவில்லை. சோமா நந்தி, விஸ்வேஸ்வர் நந்தி என்ற பயிற்சியாளர்களிடம் ஒப்படைத்தார். அந்தப் பெண்ணுக்கு உள்ளங்கால் தட்டை. ஓடி வந்து எம்பவும் இறங்கும்போது உடலைத் தாங்கவும் அது பெரிய இடைஞ்சல். அதோடு போராடவே சில ஆண்டுகள் ஆயின. பதக்கமோ பத்திரிகைச் செய்தியோ இல்லாத அந்த ஆண்டுகளில் அந்த வீட்டில் இருந்தவர்கள் எப்படிக் காத்திருந்திருப்பார்கள் என்பதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வெண்கலம். 2016இல் ரியோ ஒலிம்பிக். அங்கே போன முதல் இந்தியப் பெண் ஜிம்னாஸ்ட் அவர். ஓடி வந்து மேசை போன்ற கருவியில் கை ஊன்றித் தாண்டுகிற வால்ட் இறுதிப் போட்டியில், காற்றில் முன்பக்கமாக இரண்டு கரணம் அடிக்கிற, உலகில் மிகச் சிலரே துணிந்த புரொடுனோவாவைச் செய்து 15.066 புள்ளி எடுத்தார். வெண்கலம் வென்ற சுவிட்சர்லாந்துப் பெண்ணுக்கு 15.216. வித்தியாசம் 0.150. இந்த விளையாட்டில் இறங்கும்போது ஒரு சிறிய அடி எடுத்து வைத்தாலே 0.1 குறைப்பார்கள். நான்காம் இடத்தோடு ஊர் திரும்பிய பெண்ணை இந்த நாடு கொண்டாடியது. அது எனக்குப் பெருமை.

அதற்குப் பின்னால் நடந்ததையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முழங்கால் தசைநாரில் காயம், 2017இல் அறுவை சிகிச்சை. 2018இல் துருக்கியின் மெர்சின் நகரில் உலகக் கோப்பைத் தொடர் போட்டி ஒன்றில் தங்கம். பிறகு, தடை செய்யப்பட்ட ஹைஜினமைன் என்ற பொருள் உடலில் இருந்ததாக 21 மாதத் தடை. தெரியாமல் உட்கொண்டுவிட்டதாக அவர் சொன்னார். அந்தப் பொருள் சில ஊட்டச்சத்து டப்பாக்களில் இருக்கக் கூடியது. ஆகவே உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ கொடுத்தார்கள் என்று எந்தப் பவுடரையும் பிள்ளைக்குக் கலக்கிக் கொடுக்காதீர்கள். விளையாட்டு மருத்துவர் ஒருவரைக் கேளுங்கள். தடை முடிந்து வந்தவர் 2024இல் தாஷ்கண்டில் ஆசிய சாம்பியன்ஷிப் வால்ட் தங்கம் வென்றார். இந்தியர் யாரும் அதற்கு முன் அங்கே தங்கம் வென்றதில்லை. அப்போது அவருக்கு வயது 30. அதே ஆண்டு அக்டோபரில் ஓய்வை அறிவித்தார்.

இன்னொரு சோதனை உண்டு. அது வராத நிலையைவிடக் கொடியது. வந்தது போய்விடுவது. நேற்று வரை பயமில்லாமல் பேக் ஹேண்ட்ஸ்பிரிங் (பின்பக்கமாகக் கை ஊன்றிப் புரண்டு எழுவது) அடித்த பிள்ளை, இன்று பீம் என்கிற ஒடுங்கிய கட்டையின் மேல் நின்று கையைத் தூக்குகிறாள், இறக்குகிறாள், மறுபடி தூக்குகிறாள், போக மாட்டேன் என்கிறாள். கீழே நிற்கும் நமக்குக் கோபம் வருகிறது. “நேற்று செய்தாயே!” தயவுசெய்து இந்த வாக்கியத்தை மட்டும் சொல்லாதீர்கள். நேற்று செய்தது அவளுக்கும் தெரியும். அதனால்தான் அழுகிறாள்.

பீமின் அகலம் 10 சென்டிமீட்டர். நீளம் 5 மீட்டர், உயரம் 1.25 மீட்டர். அதன்மேல் பின்பக்கமாக, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை ஊன்ற வேண்டும். திடீரென்று உயரம் கூடுகிற வயதில் கை கால் நீளம் மாறுகிறது, உடலின் எடை தங்கும் இடம் மாறுகிறது. பழைய கணக்கு பொய்த்துப்போகிறது. இதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு அமெரிக்க ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸைக் காட்டுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலையில், வால்டில் உடலை முறுக்கும் இரண்டரைச் சுற்றுக்குக் கிளம்பியவர் காற்றில் தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாமல் ஒன்றரைச் சுற்றோடு இறங்கினார். அணிப் போட்டியிலிருந்து விலகினார். உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது நிறுத்துவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! பாரிஸில் 2024இல் திரும்பி வந்து மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். உலகின் தலைசிறந்த ஜிம்னாஸ்ட்டுக்கு வருகிற தடை நம் வீட்டுப் பத்து வயதுப் பெண்ணுக்கு வரக்கூடாதா? தரையில் கோடு போட்டுத் தொடங்கி, தாழ்ந்த பீமுக்குப் போய், மெத்தை அடுக்கிய உயரமான பீமுக்குத் திரும்புவது பயிற்சியாளரின் பொறுப்பு. அதற்கு ஆகிற காலத்தைக் கொடுப்பது நம் பொறுப்பு.

இதுவரை விலகி நிற்பதைச் சொன்னேன். இனிச் சொல்லப்போகிற இடத்தில் ஓர் அங்குலம்கூட விலகாதீர்கள்.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர் என்பவனைப் பற்றிப் படித்திருப்பீர்கள். சிகிச்சை என்ற பெயரில் சிறுமிகளையும் இளம்பெண்களையும் ஆண்டுக்கணக்கில் பாலியல் கொடுமை செய்தவன். சில வேளைகளில் தாய் அதே அறையில் இருக்கும்போதே, தன் உடலால் மறைத்துக்கொண்டு செய்தான். 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றத்தில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் அவனுக்கு எதிராகப் பேசினார்கள். 40 முதல் 175 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தேசிய அணியின் பயிற்சி முகாம் நடந்த டெக்சஸ் பண்ணையில் பெற்றோருக்கு அனுமதியே இருக்கவில்லை. பிரிட்டனில் ஜிம்னாஸ்டிக்ஸ் கொடுமைகளைப் பற்றி 2022இல் வெளியான விசாரணை அறிக்கைக்கு 400க்கும் மேற்பட்டவர்கள் தங்கள் அனுபவங்களை அனுப்பியிருந்தார்கள். உணவையும் தண்ணீரையும் மறுத்தது, எடையைச் சொல்லி அவமானப்படுத்தியது எல்லாம் அதில் இருக்கின்றன. இவை நடந்தது வறுமைப்பட்ட ஏதோ ஒரு மூலையில் அல்ல. பதக்கம் குவிக்கும் நாடுகளில்.

ஆகவே பெற்றோருக்குக் கதவு முற்றிலும் அடைக்கப்பட்ட கூடம் எவ்வளவு புகழ் பெற்றதாக இருந்தாலும் வேண்டாம். பயிற்சியில் கை கொடுத்துத் தாங்குவது அவசியம். எந்தத் தொடுகை பயிற்சிக்கானது என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள். சங்கடமாக இருந்தால் எந்த நேரமும் நம்மிடம் சொல்லலாம் என்பதும், சொன்னால் நாம் முதலில் அவளை நம்புவோம் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். “சோறு குறை” என்று சொல்லும் பயிற்சியாளரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். வளரும் பெண்ணின் மாதவிடாய் நின்றுபோனால் “ஜிம்னாஸ்ட்களுக்கு இப்படித்தான்” என்ற சமாதானத்தை ஏற்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். குதிகால், முழங்காலுக்குக் கீழே, மணிக்கட்டு ஆகிய இடங்களில் எலும்பு வளரும் பகுதி இன்னும் இறுகியிருக்காது. அங்கே தொடர்ந்து வலி என்றால் அதற்கு ஓய்வும் மருத்துவமும்தான் வழி. வலியைப் பொறுத்துக்கொள்வதை வீரம் என்று பிள்ளைக்குக் கற்பிக்கவே கூடாது.

நம் ஊருக்கே உரிய ஒன்றும் இருக்கிறது. பெண் பெரியவளானதும் “இனிமேல் இந்த உடையில் எப்படி?” என்று பாட்டியும் அத்தையும் தொடங்குவார்கள். பல வீடுகளில் விளையாட்டு முடிவது அந்த வாரத்தில்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனி நாட்டுப் பெண்கள் கணுக்கால் வரை மூடிய உடையில்தான் போட்டியிட்டார்கள். விதிகள் அதை அனுமதிக்கின்றன. உங்கள் மகள் எதை உடுத்த விரும்புகிறாளோ அதை உடுத்தட்டும். அத்தைக்குப் பதில் சொல்ல வேண்டியது நாம், அவளல்ல. பத்தாம் வகுப்பு வந்ததும் நிறுத்துவதும் அப்படித்தான். வாரத்தில் பயிற்சி நாட்களைக் குறைத்துக்கொள்ளலாமா என்று பயிற்சியாளரைக் கேட்டுப் பாருங்கள். குறைத்தால் திரும்பி வர வழி இருக்கும்.

ஒரு தந்தை சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். “மகள் விட்டுவிடுகிறேன் என்கிறாள். சம்மதிப்பதா, வற்புறுத்துவதா?” ஐயா, இரண்டும் இன்றிரவு வேண்டாம். விழுந்த நாளில் கேட்டதற்கு அன்றே பதில் சொல்லாதீர்கள். யாரும் அவளைக் காயப்படுத்தவில்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அப்படி ஏதாவது இருந்தால் நாளைக்கே நிறுத்துங்கள். இல்லையென்றால், அவள் சிரித்துக்கொண்டு வெளியே வருகிற ஒரு நல்ல பயிற்சி நாளுக்குக் காத்திருந்து கேளுங்கள். அன்றும் வேண்டாம் என்றால் விடட்டும். இத்தனை ஆண்டு கட்டிய கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். பயிற்சியாளரிடம் சொல்வதற்கு அவளோடு நீங்களும் போங்கள். ஆனால், பேசுவது அவளாக இருக்கட்டும்.

அடுத்த சீட்டைக் கொடுங்கள், அம்மா.