கொள்ளிடக்கரை வெள்ளரியும் வாசல் வாழைமரமும்

வணக்கம் மக்களே. மணலில் நின்று பேசுகிறேன், கேமரா கொஞ்சம் ஆடும். கொள்ளிடப் படுகையில் எங்கள் மாமாவின் கொல்லை இது. இந்த இலையைப் பாருங்கள், அரிசி மாவைத் தூவினாற்போல் இருக்கிறதா? சாம்பல் நோய். அந்தப் பக்கம் போட்டிருக்கும் கிர்ணியில் இன்னும் மோசம்.

பழுத்து வெடிக்கும் நம் வெள்ளரிப்பழமும் கிர்ணியும் ஒரே இனம்தான், குக்குமிஸ் மெலோ. கலிபோர்னியாவில் இதே நோய் கிர்ணியை வாட்டியபோது, இந்தியாவிலிருந்து போன விதையில்தான் எதிர்ப்பு கிடைத்தது. அதைக் கலந்து 1936இல் பிஎம்ஆர் 45 என்ற ரகம் வந்தது. இரண்டே வருடம். 1938இல் இந்த நோயைத் தரும் பூஞ்சை வேறு வேஷம் கட்டிக்கொண்டு வந்துவிட்டது!

அதனால் ஒரு எதிர்ப்பு மரபணு போதாது, இரண்டு மூன்றை ஒரே கொடியில் சேர்க்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், நோய் வராத கொடியைக் கண்ணால் பார்த்து உள்ளே ஒன்று இருக்கிறதா, இரண்டா என்று சொல்ல முடியாது. இங்கேதான் மார்க்கர், அதாவது மரபணுவுக்குப் பக்கத்தில் இருக்கும் டிஎன்ஏ அடையாளம், வருகிறது. கல்யாண வீட்டு வாசலில் வாழைமரம் கட்டுவோமே, அதுமாதிரி. வாழைமரம் கல்யாணம் இல்லை, ஆனால் வீட்டைக் காட்டிவிடும். தெருமுனையில் கட்டியிருந்தால் தப்பான வீட்டில் போய் மொய் எழுதிவிடுவோம். எதிர்ப்பு மரபணுவுக்கு எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவு நம்பலாம்.

அந்த மார்க்கரைக் கண்டுபிடிப்பது எப்படி? நோய் தாங்கும் கொடியையும் தாங்காததையும் கலந்து, பேரப்பிள்ளைத் தலைமுறையில் நோயைப் பரப்புவார்கள். ஓங்கிய ஒற்றை மரபணு, அதாவது அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வேலை செய்வது, என்றால் ஏறக்குறைய நான்கில் மூன்று தப்பிக்கும். தப்பியவற்றின் டிஎன்ஏவை ஒரு குழாயிலும் விழுந்தவற்றின் டிஎன்ஏவை இன்னொன்றிலும் சேர்த்து, எந்த இடத்தில் வேறுபடுகிறது என்று தேடுவார்கள். கிர்ணியில் வாடல் நோயை எதிர்க்கும் ஃபாம்-2 என்ற மரபணுவே 2004இல் கையில் கிடைத்துவிட்டது. நாற்றின் இலையில் ஒரு துளி நறுக்கினால் போதும், நோய் மண்ணில் நட்டுக் காத்திருக்க வேண்டாம்.

“அதெல்லாம் சரிடா, இப்ப என்ன அடிக்கிறது?” என்கிறார் மாமா. கந்தகம் வேண்டாம் மாமா, இந்த வெயிலுக்குக் கிர்ணி இலை கருகிவிடும்.

அதோ வாய்க்காலோரம் ஒரே ஒரு வெள்ளரிக்கொடி மட்டும் பச்சையாக நிற்கிறது. விதைக்கு எடுக்கலாம் என்று துணி கட்டியிருக்கிறேன். சாயங்காலமே மொட்டுக்குக் காகித உறை மாட்ட வேண்டும். காலையில் தேனீ முந்திக்கொண்டால் அப்பா யாரென்றே தெரியாது.