முதல் காட்சியில் யாருக்கு என்ன வேண்டும்?

வணக்கம் நேயர்களே. வடசென்னையில் நாடகம் எழுதும் இளைஞர்களோடு பேசவே இன்று வந்திருக்கிறேன். வால்டாக்ஸ் சாலையில் ஒத்தவாடை நாடகக் கொட்டகை இருந்த பகுதி இது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியதும் இந்த நகரத்தில்தான். இங்கிருந்து எழுதுகிறவர்கள் முதல் காட்சியை வீணாக்கக் கூடாது என்பது என் ஆதங்கம்.

திரை விலகியதும் கத்தல், தட்டு பறக்கிறது. இப்படித் தொடங்கினால் மோதல் வந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். இவர்கள் யார், என்ன வேண்டும் என்று தெரியாதவரை அது வெறும் சத்தம்தான். ஒருவருக்கு ஒன்று வேண்டும், இன்னொருவர் குறுக்கே நிற்கிறார். இதைக் குரலை உயர்த்தாமலே காட்டலாம்.

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நடுராத்திரியில், கோட்டைக் காவலில் தொடங்குகிறது. “யாரது?” என்று கேட்க வேண்டியவன் காவலில் நிற்பவன். ஆனால் அவனை மாற்ற வருகிறவன் முந்திக்கொண்டு கேட்டுவிடுகிறான். கேள்வி ஆள் மாறிவிட்டது. அவன் எதற்கோ பயந்திருக்கிறான் என்று அப்போதே புரிந்துவிடுகிறது.

நார்வே நாடகாசிரியர் இப்சன் 1879-இல் எழுதிய ‘பொம்மை வீடு’ இன்னும் நுட்பமானது. கிறிஸ்துமஸ் சாமான்களோடு வரும் நோரா ஒரு இனிப்பை வாயில் போடுகிறாள். உள்ளறையிலிருந்து கணவன் குரல் கேட்டதும், அவனை வெளியே அழைக்கும் முன் பையை ஒளித்து வாயைத் துடைக்கிறாள். கடனே கூடாது என்கிறான் அவன். அவனுக்குத் தெரியாமல் அவள் பெரிய கடன் வாங்கியிருப்பதைப் பிறகுதான் தோழியிடம் சொல்கிறாள். இனிப்புக்கே பொய் சொல்ல வேண்டிய வீட்டில் அந்தக் கடன் தெரிந்தால் என்ன ஆகும்? அந்தக் கவலை நம்மைப் பிடித்துக்கொள்கிறது. நான் மிகவும் மதிக்கும் தொடக்கம் இது.

நம் தெருக்கூத்தில் துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று, தன் பெருமையைத் தானே பாடிக்கொண்டு வருவான். பாரதக் கதை ஊருக்கே தெரியும், அதனால் எடுபடுகிறது. புதுக் கதைக்கு அந்த வசதி கிடையாது.

சரி, காசிமேட்டில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கிறது, எஞ்சினைப் பழுது பார்க்கப் பணம் வேண்டும். மகளுக்குக் கல்லூரியில் சேரும் நேரமும் அதுதான். வீட்டில் இருப்பது ஒரே ஒரு சங்கிலி. அம்மா பீரோவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொள்கிறாள். மகள் வந்து அலமாரியைத் துழாவுகிறாள்.

“இன்னாடி தேடுற?”

“சீப்பும்மா.”

சீப்பு அவள் கண்ணெதிரே கிடக்கிறது. அம்மாவும் அதைப் பார்க்கிறாள், ஒன்றும் சொல்லவில்லை.

இதில் ஃபீஸ், அடகு என்ற பேச்சே வேண்டாம். அடுத்த காட்சிக்குத் தள்ளிவையுங்கள். அப்பா வந்து அதே சாவியைக் கேட்கும் இடத்தில் காட்சியை முடித்துவிடலாம். அவருக்கு மட்டும் மகள் எதைத் தேடினாள் என்று தெரியாது. அங்கிருந்து எழுதிப் பாருங்கள். வணக்கம்.