கேம்ரி ஏன் தாழ்ந்தது?

அவையோருக்கு வணக்கம்.

ஒரு குடும்ப செடானைப் புதிதாக வடிவமைத்திருக்கிறார்கள் என்றால் நம் கண் முதலில் கிரில்லுக்கும் ஹெட்லைட்டுக்கும் போகிறது. இன்று உங்களைக் கொஞ்சம் குனிந்து அடித்தளத்தைப் பார்க்கச் சொல்கிறேன்.

2017 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் டொயோட்டா காட்டிய புதிய கேம்ரி செடானை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் குடும்பங்கள் செடானை விட்டு எஸ்யூவிக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. உயரத்தில் எஸ்யூவியோடு செடான் போட்டி போட முடியாது. தாழ்வாக இருப்பதுதான் அதன் பலம். அந்தப் பலத்தையே கூட்டினார்கள். சரியான முடிவு என்பேன்.

முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம், அதாவது வீல்பேஸ், 2,775 மி.மீ.யிலிருந்து 2,825 ஆனது. கூரை சுமார் ஓர் அங்குலம் இறங்கியது. கூரையை மட்டும் இறக்கினால் பின்னால் உட்காருபவருக்குத் தலை இடிக்கும்; ஆகவே இருக்கைகளும் இறங்கின. இருக்கை இறங்கினால் ஓட்டுபவருக்குப் பானெட் சாலையை மறைக்கும். ஆகவே பானெட்டும் இறங்கியது. பானெட் இறங்க, எஞ்சினும் தாழ்வாக உட்கார வேண்டும். பழைய அடித்தளத்தை ஒட்டுப்போட்டு இதைச் செய்ய முடியாது. டிஎன்ஜிஏ என்ற புதிய அடித்தளம் தேவைப்பட்டது இதற்காகத்தான்.

பின் சக்கரங்களை வண்டியோடு இணைத்துக் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷனில், ஸ்ட்ரட் என்ற ஒற்றைத் தண்டு போய், மேலும் கீழும் கைகள் பிடிக்கும் டபுள் விஷ்போன் வந்தது. ஸ்ட்ரட்டில் சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் வேலையும் ஷாக் அப்சார்பர் தலையில் விழுகிறது. வளைவில் பக்கவாட்டு விசை அதன் தண்டை வளைக்கப் பார்க்கும், உராய்வு கூடும், சின்னப் பள்ளம்கூட உடம்பில் தெரியும். விஷ்போனில் அந்தச் சுமையைக் கைகள் வாங்கிக்கொள்கின்றன.

எஞ்சினின் கொள்ளளவு அதே 2.5 லிட்டர்தான். ஆனால் 178 குதிரைத்திறன் 203 ஆனது. சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்று சொல்லும் அழுத்த விகிதம் 13:1. கியர்பாக்ஸ் ஆறிலிருந்து எட்டு வேகமானது. எனக்கு மிகவும் பிடித்தது எரிபொருள் ஏற்பாடு. சிலிண்டருக்குள் மட்டும் பெட்ரோல் பீய்ச்சும் எஞ்சின்களில் காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வின் முதுகைப் பெட்ரோல் கழுவுவதே இல்லை. எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவி அதில் படிந்து கரியாக இறுகும். வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓட்டம் தடுமாறும், காற்றுக் குழாயான மேனிஃபோல்டைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். இங்கே சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர்: ஒன்று உள்ளே, இன்னொன்று வால்வுக்கு முன்னால். இரண்டாவது பீய்ச்சும்போதெல்லாம் வால்வைக் கழுவுகிறது.

2019இல் இந்தியாவுக்கு வந்தது, பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள ஹைப்ரிட் வகை. முந்தைய ஹைப்ரிடில் பேட்டரி பின்சீட்டின் முதுகுக்குப் பின்னால் நின்று டிக்கியைத் தின்றது. இதில் அது பின்சீட்டுக்கு அடியில் போனது. டிக்கி முழுதாகத் திரும்பியது, எடையும் தாழ்ந்தது. பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று, பின்சீட்டருகே உள்ள ஜன்னல் போன்ற துளை வழியாகக் கேபினிலிருந்துதான் போகிறது. அதன்மேல் துணியோ பையோ வைக்காதீர்கள். தூசி அடைத்தால் பேட்டரி சூடேறி அதன் ஆயுள் குறையும். சர்வீஸுக்கு விடும்போது அந்த ஃபில்டரையும் பார்க்கச் சொல்லுங்கள்.