தலை சாய்ந்த சூரியகாந்தி

அனைவருக்கும் வணக்கம்.

சூரியகாந்தியைப் பற்றிப் பேச வேண்டும் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஒரு படம். என் அம்மா இறந்த இரண்டாம் மாதம், என் மேல் உண்மையான அன்புள்ள ஒருவர் அலைபேசியில் அனுப்பியது. தகதகவென்று ஒரு சூரியகாந்தி. அதன் கீழே, 'இந்தப் பூவைப் போல எப்போதும் ஒளியையே பார்த்திருங்கள்' என்று ஒரு வரி. நல்லெண்ணத்தில்தான் அனுப்பினார். ஆனால் அன்றைக்கு என்னால் அதை ஏற்க முடியவில்லை. அழாதே என்று யாரோ அதட்டியது போல இருந்தது.

சரி, இந்தப் பூ நிஜமாகவே எந்நேரமும் ஒளியைத்தான் பார்க்கிறதா, பார்த்துவிடுவோம் என்று ஒரு தொட்டியில் நான்கு விதைகளை ஊன்றினேன். ஒன்றுதான் நன்றாக வளர்ந்தது. இன்று நான் சொல்ல வந்தவை அந்த ஒரு செடியிடமிருந்தும், அது கிளப்பிய கேள்விகளுக்காகத் தேடிப் படித்தவற்றிலிருந்தும் கிடைத்தவை.

மொட்டு விடும் பருவத்தில் செடி காலையில் கிழக்கே பார்க்கிறது, மாலையில் மேற்கே சாய்கிறது. இது எல்லோருக்கும் தெரியும். இரவில் என்ன செய்கிறது? தூக்கம் வராத ஓர் இரவு, மணி இரண்டு இருக்கும், டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். மாலையில் மேற்கே சாய்ந்திருந்த மொட்டு இப்போது வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருந்தது. விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி போனேன். கிழக்கே திரும்பிவிட்டிருந்தது. சூரியன் இன்னும் வரவில்லை. பார்ப்பதற்கு ஒளியே இல்லாத நேரத்தில் அது அவ்வளவு தூரம் திரும்பியிருக்கிறது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இது எப்படி நடக்கிறது என்பதுதான் அழகு. செடிக்குத் தசை கிடையாது. பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் கூடுதலாக வளர்கிறது, அதனால் தலை மேற்கே சாய்கிறது. இரவில் மேற்குப் பக்கம் கூடுதலாக வளர்கிறது, தலை கிழக்கே திரும்புகிறது. அதாவது திரும்புவது என்பதே வளர்வதுதான். கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை விரிவாகச் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். திரும்ப முடியாதபடி செடிகளைக் கட்டி வைத்தார்கள். அவை மற்றவற்றைவிடச் சிறுத்துப்போயின. இன்னும் சில செடிகளை அசையாத விளக்கின் கீழே உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். தொடர்ந்து போவதற்குச் சூரியனே இல்லை. ஆனாலும் அவை சில நாள் இப்படியும் அப்படியும் சாய்ந்துகொண்டே இருந்தன. செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது.

செடிக்குத் துக்கம் உண்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உண்டு. அம்மா இருந்தபோது என்னில் ஒரு பக்கம் வளர்ந்தது. அவர் போன பிறகு, நான் இல்லை என்றே நினைத்திருந்த இன்னொரு பக்கம் வளர ஆரம்பித்தது. பொறுமை, அடுத்தவர் வீட்டுச் சாவுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்கத் தெரிவது, இதெல்லாம் அந்தப் பக்கத்தில் வளர்ந்தவை. பகலில் வளரும் பக்கம் மட்டுமே போதும் என்றால் செடி மேற்கே சாய்ந்தபடியே நின்றுவிடும்.

நம் மொழிக்கு இந்த எண்ணம் புதிதும் இல்லை. சூரியகாந்தி வட அமெரிக்க மண்ணின் செடி. அங்குள்ள தொல்குடி மக்கள் ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பயிராக்கிவிட்டார்கள். நம் சங்கப் புலவர்கள் அதைக் கண்டதில்லை. அவர்களுக்குச் சூரியனைத் தொடர்ந்து திரும்பும் பூ நெருஞ்சி. ஒருத்தி தோழியிடம் தன் காதலனைப் பற்றி, அவன் ஞாயிறு, என் தோள்கள் நெருஞ்சி என்கிறாள். இன்னொருத்தி அதே நெருஞ்சியைக் காட்டி, கண்ணுக்கு இனிய புதுமலர் முள்ளைத் தந்தது போல, இனிமை செய்தவன் இன்று துன்பம் செய்கிறான், என் நெஞ்சு நோகிறது என்கிறாள். ஒரே சின்ன மஞ்சள் பூ, ஒருத்திக்குக் காதல், இன்னொருத்திக்கு வலி. பூவை மட்டும் வைத்துக்கொண்டு முள்ளை விட்டுவிட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

அப்புறம், ஓவியர் வான்கோவைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 1888 ஆகஸ்டில் தென் பிரான்சின் ஆர்ல் ஊரில், தன்னோடு தங்க வரப்போகும் நண்பர் கோகனின் வருகையை எண்ணி, வீட்டை அலங்கரிக்க அவர் சூரியகாந்திகளை வரைந்தார். பூ சீக்கிரம் வாடிவிடும் என்பதால் சூரியன் உதித்ததுமே வேலையைத் தொடங்குவாராம். அவ்வளவு மகிழ்ச்சியோடு வரைந்த படத்தில் எல்லாப் பூவும் மலர்ந்தா இருக்கின்றன? உற்றுப் பாருங்கள். சில நிமிர்ந்து நிற்கின்றன. சிலவற்றில் இதழே இல்லை, உருண்டைத் தலை மட்டும். சில ஜாடியின் விளிம்பைத் தாண்டித் தொங்குகின்றன. கோகன் வந்தார், இரண்டு மாதத்தில் பெரும் சண்டையோடு போனார். வான்கோ நோயில் விழுந்தார். ஆனாலும் 1889 ஜனவரியில், தேறி வந்ததும், அதே பூக்களை மறுபடி வரைந்தார்.

1890 பிப்ரவரியில், மனநோய் விடுதியிலிருந்து தங்கைக்கு எழுதிய கடிதத்தில், தன் படங்கள் கிட்டத்தட்ட ஒரு வேதனைக் கதறல் என்றும், அதே சமயம் அந்த நாட்டுப்புறச் சூரியகாந்தியில் அவை நன்றியைச் சொல்கின்றன என்றும் எழுதுகிறார். ஒரே வாக்கியத்தில் இரண்டும். அந்த ஜூலையில், 37 வயதில், அவர் இறந்தார். சவப்பெட்டியைச் சுற்றி நண்பர்கள் மஞ்சள் பூக்களை வைத்தார்கள், சூரியகாந்தியும் அதில் இருந்தது. அவர் பயன்படுத்திய சில மஞ்சள் வண்ணங்கள் ஒளி பட்டே மெல்லப் பழுப்பேறி வருகின்றன என்று பின்னாளில் கண்டுபிடித்தார்கள். அந்தப் படங்களும் பூவைப் போலவே வாடுகின்றன. எனக்கு இது ஒரு குறையாகப் படவில்லை.

என் செடிக்கு வருகிறேன். பூ முழுசாக விரிந்ததும் அது திரும்புவதை நிறுத்திவிட்டது. தண்டு வளர்வது நின்றால் அசைவும் நிற்கும். முதிர்ந்த தலை கிழக்கைப் பார்த்தபடியே இருக்கும், அதுதான் தேனீக்களுக்கும் வசதி, காலை வெயிலில் சூடேறிய பூவைத் தேடி அவை கூட்டமாக வரும். ஆக, எந்நேரமும் ஒளியையே பார்த்திருக்கும் பூ என்று நாம் படம் போட்டு அனுப்புகிறோமே, அந்த விரிந்த பூ சாயங்காலச் சூரியனுக்கு முதுகைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். சூரியகாந்தி என்பது ஒரு பூ இல்லை, நூற்றுக்கணக்கான பூக்களின் கூட்டம். நாம் கொண்டாடும் அந்த வெளிவட்ட மஞ்சள் இதழ்கள் விதை தருவதில்லை. நடுவில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் பொடிப்பூக்கள்தான் விதையாகின்றன. அவை ஓரத்திலிருந்து உள்ளே, நாளுக்குச் சில வரிசையாக, சத்தமில்லாமல் மலர்கின்றன.

அப்புறம் தலை சாய்ந்தது. இதழ்கள் சுருண்டு உதிர்ந்தன. தலையின் பின்புறம் பச்சை போய் மஞ்சளாகி, ஓரம் பழுப்பானது. கழுத்து வளைந்து முகம் தரையைப் பார்த்தது. வீட்டுக்கு வந்தவர்கள், செடி செத்துப்போச்சு, பிடுங்கிவிடு என்றார்கள். நான் அந்தத் தலையைக் கையில் ஏந்திப் பார்த்தேன், எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. கட்டைவிரலால் முகத்தைத் தேய்த்தேன். காய்ந்த பொடிப்பூக்கள் தூளாக உதிர, அடியில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட விதைகள் வட்ட வட்டமாக, இடைவெளியே இல்லாமல் அடுக்கியிருந்தன. அது விதையின் பாரத்தில் குனிந்திருந்தது. அன்றைக்குத்தான், அம்மா போன பிறகு, நான் தாராளமாக அழுதேன்.

கொஞ்சத்தை அணில்களுக்கு விட்டேன். கொஞ்சத்தை உலர்த்திக் காகிதத்தில் மடித்து வைத்து, அடுத்த பருவத்தில் ஊன்றினேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், மண்ணைப் பிளந்துகொண்டு வரிசையாக முளைகள். சில முளைகள் பழைய விதையோட்டைத் தலையில் தொப்பி போலச் சுமந்தபடியே மேலே வந்திருந்தன. கழற்றிவிடலாமா என்று கையைக் கொண்டுபோனேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாளில் இலை விரியும்போது அதுவாகவே விழுந்தது.