அழுகைய எங்க வைக்கறது?

எல்லாருக்கும் வணக்கம். எங்க அம்மா போனப்ப வந்தவங்க எல்லாரும் சொன்னது ஒண்ணுதான், "நீ உடைஞ்சிடாத, நீதான் மத்தவங்கள பாத்துக்கணும்". நானும் அழல, மூணு மாசம் அழவே இல்ல. அப்புறம் ஒரு நாள் போன்ல வேற எதையோ தேடும்போது அவங்க நம்பர் கண்ணுல பட்டுச்சு, ஆபீஸ் மாடிப்படியிலயே உக்காந்துட்டேன், எந்திரிக்க முடியல. அப்பதான் புரிஞ்சது, அந்த மூணு மாசமா தூக்கம் வராம கெடந்தது, பிள்ளைங்க மேல காரணமே இல்லாம எரிஞ்சு விழுந்தது எல்லாமே அந்த அழுகைதான்.

துக்கத்துக்கு மறுப்பு, கோபம், பேரம் பேசறது, மனச்சோர்வு, ஏத்துக்கறதுன்னு அஞ்சு கட்டம் இருக்குன்னு நெறைய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. 1969ல எலிசபெத் கூப்ளர் ராஸ்ங்கற மனநல டாக்டர் அத எழுதினது சாவ எதிர்நோக்கி இருந்த நோயாளிங்ககிட்ட பேசி, பறிகுடுத்தவங்களுக்கு போட்ட டைம்டேபிள் இல்ல அது. அதனால "எனக்கு கோபமே வரலையே, நான் சரியா துக்கப்படலையோ"ன்னு யாரும் பயப்படாதீங்க. எனக்கு அத விட மனசுக்கு நெருக்கமா பட்டது 1999ல ஸ்ட்ரோப, ஸ்கூட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் சொன்னதுதான். கொஞ்ச நேரம் இழப்புக்குள்ள போறோம், கொஞ்ச நேரம் பில் கட்றது, சமையல், வேலைன்னு வெளிய வர்றோம், திரும்ப உள்ள போறோம், இப்படி போய்ட்டு வர்றதே ஆறுற வழிதான்ங்கறாங்க. காலைல அழுதுட்டு சாயங்காலம் எதுக்கோ சிரிச்சிட்டா அது இறந்தவங்களுக்கு பண்ற துரோகம் இல்லீங்க, தயவுசெஞ்சு அப்படி நெனைக்காதீங்க.

சரி, உள்ள போறப்ப என்ன பண்றது? எனக்கு கை குடுத்தது எழுத்து. ஜேம்ஸ் பென்னிபேக்கர்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் 1986ல காலேஜ் பசங்கள வெச்சு ஒரு ஆய்வு வெளியிட்டார், தொடர்ந்து 4 நாள், தினம் 15 நிமிஷம், மனச ரொம்ப பாதிச்சத பத்தி எழுதணும். எழுதி முடிச்ச உடனே அவங்களுக்கு மனசு இன்னும் பாரமாத்தான் இருந்துச்சு, ஆனா அடுத்த சில மாசத்துல அதுல நடந்ததையும் உணர்ந்ததையும் சேத்து எழுதினவங்க டாக்டர்கிட்ட போனது கொறஞ்சது. எழுத்துப்பிழை, அழகு எதுவும் பாக்காதீங்க, எழுதிட்டு கிழிச்சு போட்டாலும் சரி. தாங்கவே முடியலன்னா நிறுத்திடுங்க, இன்னொரு நாள் பாக்கலாம். எழுத வராதவங்க நடங்க, பாடுங்க, செடிக்கு தண்ணி ஊத்துங்க. குடி மட்டும் வேணாம், அது அன்னிக்கு ராத்திரிய மரத்துப்போக வைக்கும், ஆனா தூக்கத்த கெடுத்து அடுத்த நாள இன்னும் கஷ்டமாக்கும்.

மாசக்கணக்கா ஆகியும் அன்னிக்கு இருந்த மாதிரியே அன்றாட வேலையே ஓடலன்னா டாக்டர பாக்கணும், உலக சுகாதார நிறுவனமே 6 மாசத்துக்கு மேல இப்படி தொடர்ந்தா அத நீடித்த துக்கம்னு தனி பாதிப்பா பட்டியல்ல சேத்திருக்கு. செத்துடலாம்னு தோணுச்சுன்னா மாசக் கணக்கெல்லாம் பாக்காதீங்க, அன்னிக்கே யார்கிட்டயாவது வாய தொறந்து சொல்லுங்க, டாக்டர்கிட்ட போங்க.

ஆறுதல் சொல்லப் போறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். எங்கிட்ட ஒரு ஃப்ரெண்ட் வந்து தைரியமா இருன்னெல்லாம் சொல்லல, "அம்மா கோபப்பட்டா எப்படி இருப்பாங்க?"ன்னு கேட்டா. அரை மணி நேரம் பேசினேன், நடிச்சே காட்டினேன், அழுதேன், அன்னிக்கு ராத்திரி தூங்கினேன்.

இப்ப மைக்க கீழ அனுப்பறேன். பேசணும்னு தோணறவங்க உங்களவங்க பேர சொல்லி ஆரம்பிங்க, அவசரம் எதுவும் இல்ல.