பெட்டியைத் திறந்து காட்டுங்கள்

(குன்னூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, கல்லூரியிலிருந்து வந்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

அந்தக் காலத்துப் பயணப் பெட்டிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இதைப் பேச நம் மலையைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று நினைக்கிறேன். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர் எல்லாம் இந்த மண்ணில் வேர்விட்டவர்கள். மற்றபடி இங்கே உட்கார்ந்திருக்கும் நம்மில் பலருடைய வீட்டில், யாரோ ஒருவர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறியவர்தான்.

1873இல் ரயில் மேட்டுப்பாளையம் வரைக்கும்தான் வந்தது. அதற்கு மேலே மாட்டுவண்டி, குதிரை, இல்லையென்றால் ஆள் தலை. குன்னூருக்கு மலை ரயில் வந்தது 1899இல், ஊட்டிக்கு 1908இல். கோடை பிறந்தால் சென்னை அரசாங்கமே ஊட்டிக்கு இடம்பெயர்ந்த காலம் அது. துரைமார்களின் தோல் பெட்டிகளுக்குப் படங்கள் இருக்கின்றன. சும்மாடு கட்டி அவற்றைச் சுமந்தவர்களின் பெயர்களைத் தேடிப் பாருங்கள், அபூர்வமாகத்தான் கிடைக்கும். அதனால் துரைமார் பெட்டிகளை இன்று விட்டுவிடுகிறேன்.

எனக்குப் பிடித்தது ட்ரங்குப் பெட்டி. வெறும் இரும்புத் தகடுதான். ஆனால் ஓரத்தில் கம்பி வைத்து மடித்து, மூலைக்குப் பட்டை கொடுத்து, ரிவெட் அடித்து, கொண்டி போட்டு, மேலே பெயின்ட் பூசி, மூடியில் பெயரையும் ஊரையும் எழுதியிருப்பார்கள். நம் ஊர் மழைக்காலத்தில் தோலில் பூஞ்சணம் பிடிக்கும், மரம் ஊறிப்போய் மூடி சேராது. தகரப் பெட்டிக்குள் நாலு அந்துருண்டை போட்டு வைத்தால் கம்பளியும் பட்டும் அப்படியே இருக்கும், எலி பக்கத்தில் வராது. ஊர் வந்து சேர்ந்ததும் அது கட்டிலுக்கு அடியில் போய் பீரோவாகிவிடும். விருந்தாளி வந்தால் மேலே ஜமக்காளம் விரித்து உட்காரச் சொல்வோம், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு அதுவே மேசை. இன்றைய சூட்கேஸ் பயணம் முடிந்ததும் காலியாகப் பரணுக்குப் போய்விடுகிறது. எனக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரிவது இதுதான்.

ஹோல்டாலையும் சொல்ல வேண்டும். மரப்பலகை இருக்கைகளில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து போன மூன்றாம் வகுப்புப் பயணிக்கு, கேன்வாஸில் சுருட்டி வாரால் இறுக்கிய அந்தப் படுக்கைதான் சுகம். 1974இல் மூன்றாம் வகுப்பே போய்விட்டது.

சக்கரம் வந்ததை நான் குறை சொல்லவே மாட்டேன். அமெரிக்காவில் பெர்னார்ட் சேடோ என்பவர் சூட்கேஸில் சக்கரம் மாட்டி 1972இல் காப்புரிமை வாங்கினார். எத்தனையோ கழுத்துகளும் முதுகுகளும் அதனால் தப்பித்தன. முட்டிவலி உள்ள பாட்டி தன் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு நடக்கிறாள் என்றால், அது நல்ல காரியம்.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த நம் மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று இரண்டு பிரதமர்கள் முடிவு செய்தார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, பல குடும்பங்கள் மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்தன. அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் தொடங்கியதுதான் இன்றைய டான்டீ, அதாவது தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம். கோத்தகிரியிலும் கூடலூரிலும் நம் குன்னூரிலும் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள். அவர்கள் அன்று கொண்டுவந்த பெட்டி இன்னும் இருக்கிறது. அதற்குள் கண்டியில் வாங்கிய பாஸ்போர்ட் இருக்கும், குடும்ப அட்டை இருக்கும், அங்கேயே தங்கிவிட்ட அண்ணன் தம்பிகளின் கடிதங்கள் இருக்கும். பிறந்த ஊரை விட்டு வரும்போது எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒரு தாய் முடிவு செய்திருக்கிறாள். அந்த முடிவு வேறெங்கும் எழுதப்படவில்லை, அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அதை எடைக்குப் போடுகிறார்கள் என்று கேள்விப்படும்போது எனக்கு வயிறு எரிகிறது.

தம்பி தங்கைகளே, உங்களிடம்தான் கேட்கிறேன். பாட்டி கூடவே இருக்கும்போது பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பொருளாக எடுத்து, யாருடையது, எங்கே வாங்கியது என்று கேட்டு, அன்றைக்கே எழுதி வையுங்கள். போனில் படமும் எடுங்கள். காகிதங்களை வெயிலில் போடாதீர்கள், நிழலில் உலர்த்தினால் போதும். துரு இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து லேசாக எண்ணெய் தடவுங்கள். மூடியில் பெயர் எழுதியிருக்கும் இடத்தைச் சுரண்டவும் வேண்டாம், மேலே புது பெயின்ட் அடிக்கவும் வேண்டாம். சாவி தொலைந்திருந்தால் கொண்டியை உடைத்துவிடாதீர்கள். பழைய திண்டுக்கல் பூட்டாக இருந்தாலும், சாவி வெட்டுகிற ஒரு நல்ல ஆளிடம் காட்டினால் திறந்து கொடுப்பார். வணக்கம்.