சித்திரமும் கைப்பழக்கம்: செல்சியின் குரங்கு இசைக்குழு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, காலையிலிருந்து ஓடியாடி மண்டபத்தை ஒழுங்கு செய்த செயலாளர் அவர்களே, தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, பெற்றோர்களே, பிள்ளைகளே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி.

பீங்கான் குரங்குப் பொம்மைகளைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: குரங்குகள் எப்படி விருந்து மேசைக்கு வந்தன, ஆங்கிலேயர் அவற்றைச் செய்ய எப்படிக் கற்றார்கள், மண்ணில் என்ன கலந்தார்கள்.

அன்றைய ஐரோப்பியப் பிரபுக்கள் விருந்து மேசையில் சர்க்கரைப் பொம்மைகளை அடுக்கினார்கள். அப்புறம் அந்த இடத்தைப் பீங்கான் பிடித்தது. 1750களில் ஜெர்மனியின் மைசன் பீங்கான் ஆலையில் கெண்ட்லர், ரைனிக்கே என்ற இரு சிற்பிகள் குரங்கு இசைக்குழுவை வடித்தார்கள். பொய்முடி வைத்த குரங்கு குழுவை நடத்துகிறது, ஒன்று வயலின் வாசிக்கிறது, ஒன்று முதுகில் முரசைச் சுமக்கிறது. பிரான்ஸில் மன்னர் பதினைந்தாம் லூயியின் காதலி பொம்பதூர் சீமாட்டி 1753 டிசம்பரிலேயே ஒரு குழுவை வாங்கிவிட்டார்.

சில ஆண்டுகளில் நம் லண்டனின் செல்சி பீங்கான் ஆலையும் அதேபோல் செய்தது. எப்படி முடிந்தது? சித்திரமும் கைப்பழக்கம்!

இந்தக் கதையைப் பிள்ளைகள் கேட்க வேண்டும். செல்சி ஆலையை நடத்திய நிக்கோலஸ் ஸ்ப்ரிமோன், லீஜ் நகரத்திலிருந்து வந்த வெள்ளிவேலைக்காரர். வந்த ஊரில் புதுத் தொழில். பார்த்துச் செய்ய நல்ல மாதிரி வேண்டும். 1751இல் ஆலையின் ஆதரவாளர் எவரார்ட் ஃபாக்கனர், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருந்த பிரிட்டிஷ் தூதர் ஹான்பரி வில்லியம்ஸுக்குக் கடிதம் எழுதுகிறார்: மைசன் பீங்கான் மாதிரிகள் வேண்டும். தூதரிடம் மைசன் பீங்கான் ஏராளம், லண்டன் ஹாலண்ட் மாளிகையில் இருந்தது. எடுத்துப் பார்த்துச் செய்துகொள்ளுங்கள் என்று திறந்துவிட்டார்! அந்தப் பெருந்தன்மையை நினைத்துப் பாருங்கள். உடைந்தால் என்ன ஆகும் என்று யோசித்திருந்தால் செல்சிக்காரர்கள் கை பழகியிருக்குமா? குரங்குகளின் முறை வருவதற்குள் அந்தக் கைகள் தேறிவிட்டன.

நம் பிள்ளைகள் கைக்கு என்ன கொடுத்திருக்கிறோம்? கைபேசி! விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் செல்சிப் பீங்கான்கள் இருக்கின்றன, நுழைவு இலவசம். எத்தனை பேர் கூட்டிப் போயிருக்கிறோம்? பார்த்தால் மட்டும் போதாது, பிசைய வேண்டும். சித்திரமும் கைப்பழக்கம் என்று வீட்டில் சொல்லிக்கொடுத்துவிட்டு மண்ணைத் தொடாதே என்றால் சரியா?

மண்ணில் கலந்ததைச் சொல்ல நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் ஒரு மணிநேரம் களிமண் வகுப்பு வேண்டும். தலைமையாசிரியர் அம்மா, பின்னறையைத் திறந்துவிடுங்கள். முதல் மூட்டை களிமண் என் செலவு.